நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு நேயர்

விடுமுறை தொடங்கி ஒன்பதே நாட்கள். அதற்குள் ஸ்பீக்கர் மீது இரண்டு புகார்கள் பதிவாகியிருந்தன.

பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு ஸ்பீக்கர் என்று பட்டப்பெயரா என்று கேட்பவர்கள், அவள் ஐந்தாவது மாடி பால்கனியில் நின்று தம்பியை ஒருமுறை கூப்பிடுவதைக் கேட்டுவிட்டுப் பேசட்டும். அவள் ரகசியம் சொன்னாலே எதிர்க் கட்டடத்தில் ஜன்னல் திறக்கும்.

முதல் புகார், சோபா மெத்தையில் உட்கார்ந்துகொண்டு மாடிப்படியில் சறுக்கும் போட்டி. போட்டி என்னவோ அமோகமாகத்தான் நடந்தது. ஆனால் நாலாவது மாடி பல் டாக்டரின் பூந்தொட்டி, நகரத் தெரியாமல் வழியில் நின்றது. இரண்டாவது புகார், தண்ணீர் நிரப்பிய பலூன் ஐந்தாவது மாடியிலிருந்து தரையைத் தொட எத்தனை நொடி ஆகும் என்ற ஆராய்ச்சி. பலூன் தரையைத் தொடவே இல்லை. நடுவில் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் தலை வந்துவிட்டது.

"மூணாவது புகார் வரட்டும்" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அன்னைக்கே பஸ். நேரா பெரியம்மா வீடு. ஸ்கூல் திறக்கிற வரைக்கும் அங்கதான்."

சொன்னதோடு நிற்காமல் நீலப் பையில் நாலு உடுப்பை மடித்து வைத்து, பீரோவின் தலையில் ஏற்றிவிட்டாள். அன்று முதல் ஸ்பீக்கர் கண் விழித்ததும் முதலில் பார்ப்பது அந்தப் பையைத்தான்.

பெரியம்மா நல்லவள்தான், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் வீட்டில் விடுமுறை என்பது அடுத்த வருஷப் பாடத்தை இந்த வருஷமே முடித்துவிடுவது. காலை ஐந்தரைக்கு எழுந்து வாய்ப்பாடு, மத்தியானம் கையெழுத்துப் பயிற்சி, சாயங்காலம் காலையில் போட்ட கணக்கையே வேறு வழியில் போடுவது. பேச்சுத் துணைக்கு ஒரு சுவர்க்கடிகாரம். நாற்பது நாள்! ஸ்பீக்கரை நாற்பது நாள் வாயை மூடி உட்காரச் சொல்வதும் ஒன்று, குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் வராதே என்று சொல்வதும் ஒன்று.

அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. அவள் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பதினேழு கட்டடங்கள் அவள் பொறுப்பு, இவர்கள் குடியிருக்கும் கட்டடமும் அதில் ஒன்று. அப்பா கப்பலில் மின்வேலை பார்க்கிறார், ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் கரை. அம்மா காலையில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம் கையெல்லாம் கிரீஸோடு திரும்புவாள். நடுவில் இந்த இரண்டு உருப்படிகளும் என்ன செய்கின்றனவோ என்று வயிற்றில் நெருப்பு.

பத்தாம் நாள் காலை. ஸ்பீக்கர், ஆறு வயதுத் தம்பி சுண்டு, மூன்றாவது மாடித் தோழி சோடாபுட்டி, மூவரும் தரைத்தளத்தில் காவலாளி அறை வாசலில் சுருண்டு கிடந்தார்கள். சோடாபுட்டிக்குக் கண்ணாடி தடிமன், படிப்பும் தடிமன். வீட்டிலிருந்த எல்லாப் புத்தகங்களையும் முடித்துவிட்டு, கடைசியாக வாஷிங் மெஷின் கையேட்டையும் படித்துவிட்டு வந்திருந்தாள்.

"முடிவு சுமார்தான்" என்றாள்.

அப்போதுதான் காவலாளி ரப்பர் குழாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். "பசங்களா, செடிக்குத் தண்ணி விட்டுட்டு வரேன். உள்ள லிஃப்ட் ஃபோன் அடிச்சா எடுத்து, யாரு என்னன்னு கேட்டு எனக்குச் சொல்லுங்க. விளையாட்டு கூடாது."

லிஃப்டுக்குள் ஒரு மணி பொத்தான் உண்டு. அழுத்தினால் இந்த அறையில் இருக்கும் சிவப்பு ஃபோன் அடிக்கும். எடுத்துப் பேசினால் லிஃப்டுக்குள் இருக்கும் சின்ன ஒலிபெருக்கியில் கேட்கும். அடிக்காமலே இங்கிருந்து எடுத்துப் பேசினாலும் கேட்கும். ஸ்பீக்கர் ரிசீவரைச் சும்மாதான் எடுத்தாள், சத்தியமாகச் சும்மாதான். எடுத்ததும் ஒரு தும்மல் வந்தது. லிஃப்டுக்குள்ளிருந்து பல் டாக்டர் "ஐயோ அம்மா!" என்று அலறியது ரிசீவரில் துல்லியமாகக் கேட்டது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வணக்கம் நேயர்களே" என்றாள் ஸ்பீக்கர், மூச்சு விடாமல். "இது லிஃப்ட் வானொலி. நேரம் பதினொன்று. நீங்கள் இப்போது நாலாவது மாடியிலிருந்து கீழே வந்துகொண்டிருக்கிறீர்கள். வெளியே வெயில். உள்ளே மின்விசிறி. ரொம்ப அதிர்ஷ்டசாலி நீங்கள்!"

லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தது. பல் டாக்டர் வெளியே வந்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் கதவருகே நின்று ஒரு கணம் யோசித்தார். பிறகு திரும்ப உள்ளே போய் ஆறாவது மாடியை அழுத்தினார்.

பிறகென்ன, பிடித்துக்கொண்டது. தினமும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒலிபரப்பு. வானிலை அறிக்கையில் மாடிக்கு மாடி வெயில் வேறுபட்டது. செய்தியில் மூன்றாவது மாடியில் பல்லி விழுந்த விவரம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேல் சோடாபுட்டி எழுதிய தொடர்: துப்பறியும் துடைப்பம். ஓர் அரண்மனை. அங்கே கொடியில் காயும் சாக்ஸில் தினமும் ஒன்று காணாமல் போகிறது. ஜோடியாக இல்லை, ஒற்றையாக. ராஜாவிலிருந்து சமையல்காரர் வரை எல்லாரும் ஒரு காலில் நீலமும் ஒரு காலில் பச்சையுமாக நடக்கிறார்கள். மூலையில் சாத்தி வைத்த துடைப்பம் ஒன்று துப்புத் துலக்கக் கிளம்புகிறது. துடைப்பம் நடக்கும் சத்தத்துக்குச் சுண்டு ஒரு நிஜத் துடைப்பத்தை எடுத்துத் தரையில் சரக் சரக் என்று தேய்த்தான். கதவுக்குச் சாவிக்கொத்து, இடிக்கு வாளி. அவ்வளவு சுத்தமாகக் காவலாளி அறை என்றுமே இருந்ததில்லை.

கட்டடத்துக்குப் பைத்தியம் பிடித்தது. எங்கேயும் போக வேண்டாதவர்கள் லிஃப்டில் ஏறி மேலும் கீழும் போனார்கள். ஆறாவது மாடித் தையல்காரர் பித்தான் தைக்க வேண்டிய சட்டையோடு உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நேயர் விருப்பம் சொல்ல ஆசைப்பட்டவர்கள் மணி பொத்தானை அழுத்திப் பேசினார்கள். காவலாளியே செடிக்கு விட வேண்டிய தண்ணீரைப் பத்து நிமிஷத்தில் விட்டுவிட்டு வந்து வாசலில் குந்திக்கொண்டார். செடிகள் வாடின. பரவாயில்லை, கலைக்காக.

செயலாளர் மட்டும்தான் பாக்கி. அவர் காதுக்கு இது போனால் கதை முடிந்தது. முதல் மாடியில் தனியாக இருக்கும் மனிதர், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். கக்கத்தில் எப்போதும் கெட்டி அட்டை போட்ட புகார்ப் புத்தகம். சுவரெல்லாம் அவருடைய அறிவிப்புகள். லிஃப்ட் கதவுக்குப் பக்கத்திலேயே ஒன்று: 'முதல் மாடியில் வசிப்போர் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. படி ஏறுவது உடலுக்கு நன்று.' முதல் மாடியில் இரண்டே வீடு, அதில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. ஆக, அவருக்கு அவரே போட்ட தடை. அதனால்தான் அவருக்கு எதுவும் தெரிய வராது என்று இவர்கள் தைரியமாக இருந்தார்கள்.

இப்படியே ஏழு நாள் ஓடியது. எட்டாம் நாள்தான் வினை.

முந்தைய நாள் கதையில் துடைப்பம் ஒரு மரப்பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. அதோடு ஸ்பீக்கர் ஒரு போட்டியும் அறிவித்திருந்தாள். "நேயர்களே! பெட்டிக்குள் மாட்டிக்கொண்டால் நீங்கள் எப்படிக் கத்துவீர்கள்? நாளை மணியை அழுத்திக் கத்திக் காட்டுங்கள். சிறந்த நடிப்புக்கு ஒரு பென்சில்!"

பதினொன்று அடித்ததிலிருந்து ஃபோன் ஓயவில்லை. தையல்காரர் "காப்பாத்துங்க!" என்று அழுதே விட்டார், பத்துக்கு எட்டு. பல் டாக்டர் வாயை அகலமாகத் திறந்து கத்தினார், தொழில் பழக்கம், பத்துக்கு ஏழு. பதினொன்றே காலுக்கு அடுத்த மணி அடித்தது.

"ஹலோ! ஹலோ! லிஃப்ட் நின்னுபோச்சு! நான் உள்ள மாட்டிக்கிட்டேன்!"

"வணக்கம் நேயரே! ஆரம்பம் அருமை. ஆனா இன்னும் கொஞ்சம் பயம் வேணும்."

"என்னது? விளையாடாதம்மா! கதவைத் திறக்கச் சொல்லு! காத்து வரல!"

"இப்ப பரவாயில்ல" என்று ஸ்பீக்கர் ரிசீவரைப் பொத்திக்கொண்டு மற்றவர்களைப் பார்த்தாள். சோடாபுட்டி ஐந்து விரலைக் காட்டினாள். "நேயரே, பத்துக்கு அஞ்சு."

"நான் செயலாளர் பேசுறேன்!"

அறையே குலுங்கியது. சுண்டு சிரித்துச் சிரித்து வாளியோடு கவிழ்ந்தான். "அச்சு அசல் அவரே!" என்று கத்தினாள் ஸ்பீக்கர். "மிமிக்ரிக்குத் தனியா ரெண்டு மார்க்! ஏழு! அப்படியே நோட்டீஸ் ஒண்ணு படிச்சுக் காட்டுங்க பாப்போம்!"

எதிர்முனையில் ஏதோ பொருமல் கேட்டது. அப்போது படியில் தடதடவென்று பல் டாக்டர் இறங்கி வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. "லிஃப்ட் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நிக்குது! உள்ள நம்ம செயலாளர்! கதவைப் போட்டு இடிக்கிறார்!"

 ஸ்பீக்கரின் கண் முன்னால் நீலப் பை பீரோவிலிருந்து தானாகவே இறங்கி நின்றது. காவலாளி பாய்ந்து வந்து அம்மாவுக்கு ஃபோன் போட்டார். அம்மா இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில் இருந்தாள். இருபது நிமிஷத்தில் வருவதாகச் சொன்னாள்.

"ஓடிடலாம்டி" என்றாள் சோடாபுட்டி மெதுவாக. "ஃபோன்ல நம்ம குரல் அவருக்கு அடையாளம் தெரியாது. இப்ப வச்சுட்டுப் போயிட்டா யாருன்னே..."

நல்ல யோசனை. ஸ்பீக்கர் ரிசீவரை வைக்கத்தான் போனாள்.

"பாப்பா" என்றது ரிசீவர். அதில் இப்போது கோபம் இல்லை. "வச்சுடாதம்மா. ஃபேன் நின்னுடுச்சு. லைட்டு வேற மங்கலா எரியுது. எனக்குச் சின்ன இடம்னா... ஆகாது."

பெரியவர்கள் பயப்படுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அதை இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. 

"வைக்க மாட்டேன் சார்" என்றாள். "எங்க அம்மா வந்துக்கிட்டே இருக்காங்க. லிஃப்ட் விழாது சார். தொங்குற கயிறு ஒண்ணு இல்ல, நாலு. ஒவ்வொண்ணும் தனியாவே தாங்கும். காத்தும் வரும், மேல ஓட்டை இருக்கு. அம்மா சொல்லியிருக்காங்க. கீழ உக்காருங்க சார்."

உட்காரும் சத்தம் கேட்டது. அப்புறம் பெருமூச்சு. புகார் எழுதாதீங்க சார் என்று கேட்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கதவுக்குள் அடைபட்டவரிடம் கேட்டால் அவர் வேறென்ன சொல்வார்? அது அழுகுணி ஆட்டம். வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்பீக்கர் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்கினாள். 

ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"அந்தத் துடைப்பம்..." என்றார் செயலாளர். "பெட்டியிலிருந்து வெளிய வந்துச்சா?"

ஸ்பீக்கர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். "சார்... நீங்க கேக்குறீங்களா?"

"முதல் நாள்லேருந்து" என்றார் அவர், திருடிச் சிக்கிய குரலில். "ஆறு வரைக்கும் போயிட்டு இறங்குவேன். சில நாள் ரெண்டு தடவை. யாராவது ஏறினா மீட்டர் செக் பண்றேன்னு சொல்லிடுவேன். யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. அந்த நோட்டீஸ் நான் போட்டது."

"சொல்ல மாட்டேன் சார்."

"சரி, அந்த சாக்ஸ் திருடன் யாரு?"

இது அநியாயமான கேள்வி. திருடன் யார் என்று சோடாபுட்டிக்கே தெரியாது; இன்னும் இருபது நாள் இழுக்கலாம் என்று அவள் திட்டம். ஆனால் இந்த மனிதரை இன்னும் இருபது நாள் காக்க வைக்க முடியாது. ஸ்பீக்கர் கண்ணைக் காட்டினாள். சுண்டு துடைப்பத்தை எடுத்தான்.

சரக். சரக். பெட்டியை உடைத்துக்கொண்டு துடைப்பம் வந்தது. ராஜாவின் கட்டிலுக்கு அடியில் பெருக்கிப் பார்த்தது, ஒன்றும் இல்லை. சமையல்கட்டில் பெருக்கியது, திட்டு வாங்கியது. ராணியின் தலையணைக்குள் புகுந்து தும்மியது. ரிசீவரில் ஒரு சிரிப்புக் கேட்டது, சின்னதாக, துருப்பிடித்தது போல. ஸ்பீக்கருக்கு உற்சாகம் தலைக்கேறியது. துடைப்பத்தை மாடி ஏற்றினாள், கூரையில் ஓட விட்டாள், மந்திரி சபைக்குள் சறுக்க விட்டாள். சோடாபுட்டி துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கிறுக்கி நீட்ட, அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. வாய் போன போக்கில் கதை போனது.

"கடைசியில ஒரே ஒரு அறை பாக்கி. புகார் மந்திரியோட அறை. துடைப்பம் கதவை மெதுவாத் தள்ளுது..."

சாவிக்கொத்து கிறீச்சிட்டது.

"உள்ள மலை மாதிரி சாக்ஸ்! எல்லாம் ஒத்தை! 'மந்திரியாரே, நீங்களா? உங்களுக்கு எதுக்கு இத்தனை சாக்ஸ்?'ன்னு துடைப்பம் கேக்குது. மந்திரி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. 'அரண்மனையில எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. யாருக்கும் ஒரு குறையும் இல்ல. அதனால யாருமே என் அறைக்கு வரல. ஒரு சாக்ஸ் எடுத்தேன். மறுநாள் ஒருத்தர் வந்து என்கிட்ட பேசினாரு. ரெண்டு எடுத்தேன், ரெண்டு பேர் வந்தாங்க. அப்புறம் என்னால நிறுத்த முடியல'ன்னாரு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. சோடாபுட்டி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ரிசீவரில் மூச்சுச் சத்தம் மட்டும். ஐயோ, ஐயோ, ஐயோ. இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"சரியாத்தான் இருக்கு" என்றார் செயலாளர் நிதானமாக. பிறகு கேட்டார்: "துடைப்பம் அவரை என்ன பண்ணுச்சு? பிடிச்சுக் குடுத்துடுச்சா?"

"இல்ல சார்" என்றாள் ஸ்பீக்கர். கண்ணில் நீர் முட்டியது, ஏன் என்று தெரியவில்லை. "உக்காந்துச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து ஜோடி சேத்தாங்க. ராத்திரிக்குள்ள முடியல. நாளைக்கும் வரேன்னு சொல்லிட்டுப் போச்சு."

அந்தக் கணம் லிஃப்டின் கதவு திறக்கும் சத்தம் ரிசீவரில் கேட்டது.

மூவரும் படியில் பறந்தார்கள். நாலாவது மாடியில் கட்டடமே கூடியிருந்தது. செயலாளர் வியர்வையில் நனைந்து வெளியே நின்றார், கக்கத்தில் புகார்ப் புத்தகம் பத்திரமாக. மொட்டை மாடி இயந்திர அறையிலிருந்து அம்மா இறங்கி வந்தாள், முழங்கை வரை கிரீஸ். வந்ததும் மகளை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அர்த்தம் தெரியவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். யாராவது லிஃப்டில் மாட்டினால் நிரப்பியே ஆக வேண்டும்.

"எந்த மாடில ஏறினீங்க சார்?"

"முதல் மாடி."

"எங்க போறதுக்கு?"

 முதல் மாடிக்காரர் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் ஒவ்வொருவர் மண்டையிலும் மெல்ல ஏறியது. தையல்காரர் அறிவிப்பை நினைத்து இருமினார். செயலாளருக்குத் தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது: பிள்ளைகள் ஃபோனில் கூத்தடிப்பதாகத் தகவல் வந்தது, விசாரிக்க ஏறினேன். அப்படிச் சொல்லிவிட்டால் மானம் தப்பும், ஸ்பீக்கருக்குப் பஸ். அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று.

"எங்கயும் போறதுக்கு இல்ல" என்றார் செயலாளர் சத்தமாக. "தொடர் கேக்க ஏறினேன். தினமும் ஏறுறேன்."

ஒரு நொடி. அப்புறம் நாலாவது மாடி இடிந்து விழாதது ஆச்சரியம். அப்படி ஒரு சிரிப்பு, அப்படி ஒரு கைதட்டல். பல் டாக்டர் அவரைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் இழுத்துப்போய்த் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். தையல்காரர் பின்னாலேயே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைய கதையை அவர் வாயால் கேட்க ஆளாளுக்கு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் புகார்ப் புத்தகத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார். ஸ்பீக்கரின் மனசு தொபுக்கென்று விழுந்தது. எழுதி முடித்துக் கிழித்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா உரக்கப் படித்தாள்.

"'புகார்: தொடர் தினமும் பத்து நிமிடமே வருகிறது. போதவில்லை. பென்சில் போட்டியில் எனக்கு ஏழு மதிப்பெண் வழங்கியதும் முறையல்ல. நான் நடிக்கவில்லை.'"

அம்மா சீட்டை நான்காக மடித்தாள். "மூணாவது புகார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஸ்பீக்கர் பின்னாலேயே போனாள். அம்மா கையைக் கழுவினாள், நாற்காலி போட்டு ஏறி, பீரோவின் மேலிருந்து நீலப் பையை இறக்கினாள்.  அம்மா பையைத் திறந்து உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டாள். காலிப் பைக்குள் தன் பழைய ஸ்குரூ டிரைவர்களையும் ஒரு டார்ச்சையும் போட்டு மூடினாள்.

"இந்தக் கட்டடத்து லிஃப்ட் ஃபோன் எங்கெல்லாம் கேக்கும் தெரியுமாடி?" என்றாள் முதுகைக் காட்டியபடியே.

"லிஃப்டுல. வாட்ச்மேன் ரூம்ல."

"மெஷின் ரூம்லயும் ஒண்ணு இருக்கு. சக்கரத்தைக் கையால சுத்தறப்ப உள்ள இருக்கறவங்ககிட்ட பேச." அம்மா திரும்பினாள். உதட்டைக் கடித்து எதையோ அடக்கிக்கொண்டிருந்தாள், அடங்கவில்லை. "லிஃப்டை நாலாவது மாடிக்குக் கொண்டுவந்து அஞ்சு நிமிஷம் முன்னாடியே நிறுத்திட்டேன். அங்கேருந்தே சுவிட்சைப் போட்டுக் கதவைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி."

"அப்புறம் ஏன்மா திறக்கல?"

"துடைப்பம் அந்தக் கடைசி அறைக் கதவைத் தள்ளிக்கிட்டு இருந்துச்சு" என்றாள் அம்மா. "அந்த நேரத்துல போய் எப்படிடி திறப்பேன்? செயலாளர்கிட்ட மட்டும் சொல்லிடாத."